உதுமான் பாய்க்கு அமெரிக்காவில் ஒரு ஓட்டு

"மொதல்ல காதப் பாருங்க தம்பி" என்கிறார் உதுமான் பாய். கைப்பேசித் திரையில் ஓர் அமெரிக்க அம்மாள் மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். பாய் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்குகிறார். "ஒரு காது மேல, ஒரு காது கீழ. அதான் கண்ணாடி சாஞ்சு நிக்குது. சாஞ்சு நிக்கிறதால மூஞ்சி கோவமா இருக்கிற மாதிரித் தெரியுது. நான் மட்டும் பக்கத்துல இருந்தேன்னா ரெண்டே நிமிசம், நிமித்திக் குடுத்துருவேன். நாலு புள்ளி ஏறும்."

நாலு புள்ளி என்பது கருத்துக்கணிப்பில் அந்த அம்மாள் பின்தங்கியிருக்கும் அளவு. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் கட்சிகள் தமக்குள்ளேயே ஓட்டெடுத்து வேட்பாளரைப் பொறுக்கும். ஒரு கட்சியில் கடைசிவரை களத்தில் நின்ற இருவரில் இந்த அம்மாள் ஒருவர். பர்மாவில், யாங்கோன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், சந்தைக்குப் பின்தெருவில், கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற கடையில் முப்பத்தைந்து வருஷமாக மூக்குக்கண்ணாடி விற்கிறவர் இதற்காக ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார் என்று நானும் முதலில் சிரித்தவன்தான்.

வயது ஐம்பத்தொன்பது. கட்டம் போட்ட லொன்ஜிக் கைலி, சட்டைப் பையில் மூன்று குட்டித் திருப்புளிகள். யார் பெயரும் அவருக்கு நினைவில் நிற்காது, பவர்தான் நிற்கும். சந்தையில் மீன் விற்கும் பெண் 'மைனஸ் மூணேகால்'. பள்ளிவாசல் மோதினார் 'பிளஸ் ரெண்டு'. எனக்கு 'இடது ரெண்டரை' என்று பெயர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, தான் மட்டும் கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிப்பார். கேட்டால், "எனக்கென்ன, வீட்டுல சஜிதா படிச்சுச் சொல்லும்" என்பார். சஜிதா அவர் மனைவி. அந்தம்மா படித்துச் சொல்வதில் பாதியை அவர் காதில் வாங்குவதில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

கடையில் உள்ளூர் அரசியல் பேசக் கூடாது. அப்படி எங்கும் எழுதி மாட்டியிருக்கவில்லை. யாராவது தெரியாத்தனமாக ஆரம்பித்தால், பாய் சுவரிலுள்ள கண் பரிசோதனை அட்டையைக் காட்டி, "கடைசி வரியப் படிங்க பாப்போம்" என்பார். வந்தவர் புரிந்துகொண்டு படிப்பார். கண் நன்றாகத் தெரிகிறவர்கூட அந்தக் கடையில் கடைசி வரியைப் படித்திருக்கிறார். பெயரைச் சொல்லாமல் பேசும் பழக்கம் நாக்கில் அப்படி ஊறிவிட்டதால், அமெரிக்க வேட்பாளர்களையும் இங்கே பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. அந்த அம்மாள் 'டீச்சரம்மா'. எதிரே நிற்பவர் 'சிரிப்புக்காரர்'. தெருவில் பட்டாளத்துப் பூட்ஸ் சத்தம் கேட்டால் சிரிப்புக்காரரைப் பற்றிய பேச்சுகூடச் சட்டென்று நின்றுவிடும்.

சிரிப்புக்காரரின் கட்சிக்காரர் மாரிச்சாமி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நாலு மணிக்கு ஒரு கிளாஸ் லபெயேயுடன், அதாவது பாலில் ஊறிய இந்த ஊர் டீயுடன், வந்து ஸ்டூலில் உட்காருவார். கரண்டு இருக்கிறதோ இல்லையோ, மாரிச்சாமி இருப்பார்.

"டீச்சரம்மா நல்லவங்கதான் பாய். யாரு இல்லேன்னா? ஆனா சிரிக்க மாட்டேங்குதே. முப்பது வருசம் டிக்கெட் செக் பண்ணவன் சொல்றேன். சிரிச்சுக்கிட்டே கேட்டா டிக்கெட் இல்லாதவனும் அபராதம் கட்டிட்டுப் போவான். மொறைச்சுக் கேட்டா டிக்கெட் வச்சிருக்கிறவனும் சண்டைக்கு வருவான்."

"அழகான பிரேமத்தான் எல்லாரும் எடுப்பாங்க மாரி அண்ணே. ஆறு மாசம் கழிச்சு மூக்குல புண்ணோட என்கிட்டதான் வருவாங்க."

"புண்ணு பொறவு. மொதல்ல வாங்கணுமில்ல?"

"நல்லவங்க, நல்லவங்க, ஆனா ஜெயிக்க மாட்டாங்கன்னு இந்த யாங்கோன்ல நீங்க சொல்றீங்க. அங்க தங்கச்சி மிஸ்பாவும் அதையேதான் சொல்லுது. அது வேலை பாக்கிற எடத்துல இருக்கிற அத்தனை பேரும் அதையேதான் சொல்றாங்களாம். நல்லவங்கன்னு சொல்ற அத்தனை பேரும் ஓட்டுப் போட்டாலே ஜெயிச்சிருவாங்களே!"

இந்தக் கேள்வி வந்ததும் மாரிச்சாமி டீயைக் குடிப்பார்.

மிஸ்பா பாயின் தங்கை; அவரை 'நானா' என்று கூப்பிடுவாள், அண்ணன் என்று அர்த்தம். அகதியாகப் போய், இண்டியானாவில் குடியேறி, போன வருஷம்தான் குடியுரிமை வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் எண்ணப்படுகிற ஓட்டு என்று இன்றைக்கு இருப்பது அவளுடைய ஒன்றுதான். பாய் வாரத்தில் ஐந்து நாள் அவளுக்கு, தடையைத் தாண்டும் விபிஎன் வழியாக, டீச்சரம்மாவின் பேச்சை அனுப்புவார். அதில் பதினெட்டு வினாடித் துண்டு ஒன்று உண்டு. அகதிகளுக்கு அடைத்த கதவைப் பதவியேற்ற முதல் நாளே திறப்பேன் என்று அந்தம்மா அதில் சொல்கிறார். பாய்க்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் 'பர்ஸ்ட் டே' என்று அந்த உதடு அசைகிற இடம் ஒலி இல்லாமலே அவருக்குத் தெரியும்.

அவருடைய ஒரே மகன் அஷ்ஃபாக்குக்கு இருபத்து நாலு வயது. பட்டாளத்துக்குப் பிள்ளைகளைக் கட்டாயமாக எடுக்கிறார்கள் என்றானதும், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மலேசியா போய்ச் சேர்ந்தான். கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஐநாவின் அகதி அட்டை கிடைத்து, அமெரிக்கா போக நேர்காணல் முடிந்து, ரத்தப் பரிசோதனை முடிந்து, விமானத் தேதியும் வந்தது. சஜிதா சொந்தக்காரர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். அடுத்த வாரம் அங்கே கதவை அடைத்துவிட்டார்கள். இந்தக் கதையைப் பாய் வாதத்தில் ஒருநாளும் எடுத்ததில்லை. மாரிச்சாமியும் எடுத்ததில்லை. இருவரும் காதையும் மூக்கையும் சிரிப்பையும் பற்றியே பேசுவார்கள்.

சிக்கல் இதுதான். கதவைத் திறப்பேன் என்கிற டீச்சரம்மா, கதவை அடைத்த கட்சியை எதிர்த்து ஜெயிக்க மாட்டார் என்கிறார்கள். ஜெயிப்பார் என்கிற சிரிப்புக்காரர் கதவைப் பற்றி வாயே திறப்பதில்லை. போதாக்குறைக்கு, அவர் ஒருநாள் மிஸ்பாவின் தொழிற்சாலை வாசலுக்கே வந்து அவள் கையைக் குலுக்கி, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். "நல்ல மனுசன் நானா. கையப் புடிச்சுக்கிட்டுக் கண்ணப் பாத்துப் பேசுறாரு" என்று அவள் சொன்ன அன்று பாய் யாருக்கும் சரியாகப் பவர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் கண்டுபிடிப்பு. ஓட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. சிரிப்புக்காரர் புதிதாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு தோன்ற ஆரம்பித்திருந்தார். நான் கடைக்குள் நுழையும்போது பாய் துள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க! கன்னத்தைப் பாருங்க. மைனஸ் கண்ணாடின்னா கன்னத்துக் கோடு உள்ள தள்ளித் தெரியும். பிளஸ்னா வெளிய வரும். இங்க கோடு நேரா போகுது. சைபர்! வெறும் கண்ணாடி! படிச்ச மனுசன் மாதிரி, சாது மாதிரித் தெரியணும்னு மாட்டிவிட்டிருக்காங்க. கண்ணு நல்லாத் தெரியற ஆளு இப்படி ஊரை ஏமாத்தலாமா மாரி அண்ணே?"

மாரிச்சாமி படத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நேர்காணலுக்கு நம்ம அஷ்ஃபாக்குக்கு ஒரு கண்ணாடி குடுத்தனுப்பினீங்களே பாய், அது என்ன பவரு?"

எனக்கு மாரிச்சாமி மேல் கோபமே வந்தது. வாதத்தில் ஜெயிக்க இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் அவர் முகத்தில் ஜெயித்த களை ஏதும் இல்லை. சொல்லியிருக்க வேண்டாமே என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், டீயைக் கீழே வைத்துவிட்டார்.

பாய் ஒரு பிரேமை எடுத்துத் துடைத்தார். "சைபர்தான்" என்றார். "தாடியும் ஆளுமா மொரட்டுப் புள்ளையாட்டம் இருந்தான். பாக்குறவங்களுக்குப் புடிக்கணுமேன்னு குடுத்தனுப்பினேன். என் புள்ள நல்லவன் மாரி அண்ணே. ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்க மாட்டான். அது தெரியறதுக்கு ஒரு கண்ணாடி வேண்டியிருக்கு." பிறகு, "இந்த ஆளுக்கும் எவராச்சும் வாப்பா மாட்டி அனுப்பியிருப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அன்றிலிருந்து கடையில் அமெரிக்கா இல்லை. மாரிச்சாமி வருவார், உட்காருவார், வெயிலைப் பற்றிப் பேசுவார். டீச்சரம்மாவின் துண்டுப்படங்களை மிஸ்பாவுக்கு அனுப்புவதையும் பாய் நிறுத்திவிட்டார். சாப்பாடு கொண்டுவந்த சஜிதா மட்டும் ஒருநாள் பாத்திரத்தைத் திறந்தபடியே சொன்னாள்: "மிஸ்பாவ நெருக்காதீங்க. அதோட ஓட்டுல நம்ம புள்ளையக் கட்டித் தொங்கவிட்டீங்கன்னா, நாளைக்கு ஒண்ணும் ஆகலேன்னா அதுமேல ஒரு வருத்தம் உங்க மனசுல உக்காந்துரும். பொறவு எந்திரிக்காது." பாய் சோற்றைப் பிசைந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை. இண்டியானாவில் அப்போதுதான் காலை ஏழு. கடையில் பாயும் மாரிச்சாமியும் நானும் இருந்தோம், சஜிதா காலிப் பாத்திரம் எடுக்க வந்திருந்தாள். கைப்பேசியில் மிஸ்பாவின் முகம் வந்தது. காருக்குள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு சர்ச், அதன் வாசலில் சின்ன வரிசை.

"நானா, உள்ள போகப் போறேன். நேத்தெல்லாம் தூக்கமில்ல. எனக்குன்னு ஒரு நெனப்பு இருக்கு. ஆனா அது வேணாம். அஷ்ஃபாக் விசயம். நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொல்றவங்களுக்கே போட்டுட்டு வந்துர்றேன்."

ஆறு வாரம் மூச்சு விடாமல் வாதாடிய மனிதர் வாயைத் திறந்தார். மாரிச்சாமி எழுந்து தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சஜிதா பாத்திரத்தின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். டீச்சரம்மா என்று சொல்லி, அவர் கடைசியில் அந்தக் கட்சியிடம் தோற்றால் கதவு இன்னும் நாலு வருஷம் அடைத்தே கிடக்கும். சிரிப்புக்காரர் என்று சொல்லி, அவர் ஜெயித்து, கதவை மறந்துவிட்டால்?

"புள்ளைய நெனச்சுப் போடாத" என்றார். "புள்ளைய நெனச்சா கை நடுங்கும். உனக்கு எது சரின்னு படுதோ அதப் போடு. ஓட்டு உன்னோடது."

"நானா..."

"யாதே, யாதே. போ. வரிசை நீளுது."

சரி, சரி என்று பர்மிய மொழியில் சொல்லித் தங்கையை அனுப்பிவைத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கரண்டு போயிற்று. யாரும் பேட்டரி விளக்கைப் போடவில்லை, தெருவிலிருந்து வந்த வெயில் வெளிச்சம் போதுமாக இருந்தது. ஒரு பெண் கழன்றுபோன கண்ணாடிக் காலைக் கொண்டுவந்தாள். பாய் திருகாணியைப் போட முயன்றார். இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை மாரிச்சாமி குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டு நிமிஷத்தில் கைப்பேசி மீண்டும் மணியடித்தது. மிஸ்பாவின் சட்டையில் ஓட்டுப் போட்டதற்கான வட்டமான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"போட்டுட்டேன் நானா! என் வாழ்க்கையில மொத ஓட்டு. யாருக்குன்னா..."

"சொல்லாத" என்றார் பாய்.

"இல்ல நானா, உன்கிட்ட மட்டும்..."

உதுமான் பாய் கைப்பேசியைக் கண்ணாடி மேசையின் மேல் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அடியிலிருந்து "நானா, நானா" என்று மிஸ்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை.