தெருமுனைத் தொட்டியும் ஒரு கல்யாணப் பாவும்

போன மாதம் ஒரு காலை எங்கள் தெருவில் நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. எதிர்வீட்டுப் பங்கஜம் அக்காவும் அவர் கணவர் தாமோதரனும் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டினார்கள். பட்டுச் சேலையின் நீளவாட்டு இழைகள்தான் பாவு. அதை விரிக்க வீட்டுக்குள் இடம் போதாது. தெரு வேண்டும்.

2. உறவுக்காரர்கள் இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, அக்கா இழைகளுக்குக் கஞ்சி போட்டார்.

3. தெருமுனையில் சிமெண்ட் குப்பைத் தொட்டி. வழக்கம்போல வழிந்துகொண்டிருந்தது. வழக்கம்போல ஒரு மாடு அதில் தலையை விட்டிருந்தது.

4. ஒரு நாய் குரைத்தது.

5. மாடு, வாயில் எச்சில் இலையோடு, நேரே பாவுக்குள் ஓடியது.

ஆறாவதை எழுத மனம் வரவில்லை. யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலையாக வேண்டிய அரக்குப் பட்டு, அறுந்து, சாம்பார் அப்பிக்கொண்டு தெருவில் கிடந்தது.

உடனே ஒரு விசாரணை... இலை யார் வீட்டு இலை?

"எங்க வீட்ல நேத்து வெறும் உப்புமாதாம்மா. இலையே போடல!"

"எங்க இலைன்னா ஓரம் கிழிஞ்சிருக்காது. நாங்க பார்த்துதான் வாங்குவோம்!"

பத்து நிமிடத்தில் எங்கள் தெருவில் யாருமே இலையில் சாப்பிடுவதில்லை என்று ஆகிவிட்டது!

மாலையில் பட்டு கொடுக்கும் முதலாளி வந்து பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இன்னொரு பாவு தர்றேன் தாமோதரா. அதுவும் இப்படி ஆச்சுன்னா, நான் வேற தறியப் பார்த்துக்க வேண்டியதுதாம்பா" என்றார். அன்றிரவு எதிர்வீட்டில் ரேடியோ பாடவில்லை.

தெரு கூடிப் பேசியது. தொட்டியை நகர்த்தலாம் என்றார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் அதை மறுபடி நம் பக்கம் நகர்த்த மாட்டார்களா? மனு கொடுக்கலாம் என்றார்கள். முன்பு கொடுத்த மனுவுக்கே இன்னும் பதில் இல்லை.

நான் சிவில் டிப்ளமா படித்தவள். ஓர் ஆபீசில் சாக்கடை வரைபடம் வரைகிறேன். தண்ணீர் ஓரிடத்தில் தேங்கினால் அந்த இடத்தை யாரும் திட்டுவதில்லை, எங்கிருந்து வருகிறது என்றுதான் தேடுகிறோம். குப்பைக்கு மட்டும் வேறு நியாயமா?

"தொட்டி அங்கேயே இருக்கட்டும். அதுக்குப் போறதக் குறைப்போம்" என்றேன்.

மறுநாள் காலை தொட்டியருகே கோணியை விரித்து, ஒரு குச்சியோடு உட்கார்ந்தேன். அம்மா வாசலிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, டிப்ளமா படிச்சது குப்பையக் கிளறவா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"முதல்ல மூக்கைப் பொத்திக்குவாங்கம்மா. அப்புறம்தானே சொல்லுவாங்க!"

இலை, காய்கறித் தோல், சாம்பல், தேங்காய் ஓடு, மட்டை, நூல் துணுக்குகள் – தொட்டி முழுக்க இவைதான். உடைந்த கண்ணாடி, மக்கிய துணி என்று யாருக்கும் உதவாதவை ஒரு முறத்தில் அடங்கிவிட்டன. மற்றதெல்லாம் யாராவது கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடக்கூடியவை. யாரும் கேட்கவில்லை... அதனால் எறிந்தோம்!

ஓடும் மட்டையும் வெந்நீர் அடுப்புக்கு. சாம்பல் பாத்திரம் தேய்க்க, மிஞ்சினால் கீரைப் பாத்திக்கு. இலையும் தோலும் வாசலில் மாட்டிய கூடைக்குள். சாயங்காலம் பால் ஊற்ற வரும் முனுசாமி அதை எடுத்துப் போக வேண்டும். பாவு நீட்டும் காலைகளில் பதிலுக்கு அவர் மாட்டைக் கட்டிப்போட வேண்டும். ஆமாம், தொட்டியில் தலைவிட்ட மாடு அவருடையதுதான். கறந்ததும் அவிழ்த்துவிட்டுவிடுவார்.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "தொட்டில கடுதாசியும் துணியும் துன்னுக்கினு இருக்குது, எனக்கு மட்டும் ஆசையாமா? நீங்க நல்ல இலையாக் குடுங்க. நான் ஏன் அவுத்து வுடறேன்?" என்றார்.

இலையையே குறைக்க முடியுமா என்றபோதுதான் எல்லா வீட்டிலும் முகம் சுருங்கியது. எங்கள் வீட்டில் அதிகம். தட்டில் போட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்பது அம்மாவின் கட்சி. நான் வற்புறுத்தவில்லை. அந்த வாரமே ஒரு நாள் மத்தியானம் எவர்சில்வர் தட்டுகள் பளபளவென்று வரிசையாக இருந்தன.

"பங்கஜத்துக்காகத்தான். உனக்காக இல்ல" என்றாள் அம்மா. அம்மாவே தட்டெடுத்துவிட்டாள் என்ற செய்தி, என் பிரசாரத்தைவிட வேகமாகத் தெருவைச் சுற்றி வந்தது. விசேஷ நாள் தவிர மற்ற நாளில் தட்டு என்று ஒவ்வொரு வீடாக மாறியது.

முனிசிபாலிட்டி வண்டிக்காரர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்மா, தெருவே ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது பாவுக்கு நாள் வந்தது. தொட்டி சுத்தம். மாடு கொட்டிலில். பாவை இழுத்துப் பிடித்து, கஞ்சி போட்டாகிவிட்டது. அக்கா அடியில் மிஞ்சிய கஞ்சியோடு பானையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார்.

எதிரே மாடு வந்துகொண்டிருந்தது! அறுந்த கயிறு பின்னால் இழுபட்டது.

அது தொட்டிக்குள் பார்க்கவே இல்லை. தொட்டியின் அடியில், வெறும் மண்ணை நக்கியது. பிறகு நிமிர்ந்து அக்காவின் பானையைப் பார்த்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கும்.

பாவுக்காக வெளியே எடுத்த கஞ்சியை அவர்கள் வீட்டில் திரும்ப வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். மாமியார் காலத்து வழக்கம். மிஞ்சியதை எப்போதும் தொட்டியடியில் ஊற்றிவிடுவார்கள். பாவு நீட்டினால் கஞ்சி உண்டு என்று அந்த மாடு கற்றுவைத்திருக்கிறது! நான் குச்சியோடு கிளறிய அன்று அது அகப்படவில்லை. மண் குடித்துவிட்டதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

மாடு அடியெடுத்து வைத்தது. அக்காவுக்குப் பின்னால் தெரு நடுவில் பாவு. பிடித்திருந்தவர்கள் யாரும் கையை விட முடியாது, விட்டால் இழையெல்லாம் சிக்கிக்கொள்ளும். நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். மாடு என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

பங்கஜம் அக்கா பானையை அதன் மூக்குக்கு நேரே நீட்டினார். அப்படியே பின்னால் நடந்தார். மாடு கன்றுக்குட்டி மாதிரி பின்தொடர்ந்தது. பாவின் ஓரமாக, சுவரை ஒட்டி... அக்காவின் வீட்டு வாசலுக்கு!

மறுமுனையைப் பிடித்திருந்த தாமோதரன் அலறினார். "ஏய் பங்கஜம்! கஞ்சிய உள்ள எடுத்துக்கினு போறியா?"

"மாட்டையுந்தான் எடுத்துக்கினு போறேன்! நீ பாவப் பாருய்யா!"

படி தாண்டி, தறியின் ஓரமாக, மாடும் அக்காவும் கொல்லைப்புறம் போனார்கள். பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் – மாடு கஞ்சியை உறிஞ்சும் சத்தம். பாவைப் பிடித்திருந்தவர்கள் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

முனுசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். "எம் மாடு எங்கமா?"

"உள்ள விருந்து சாப்பிடுது. உக்காருப்பா" என்றாள் அம்மா.

அக்கா திரும்பி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அறுந்திருந்த ஓர் இழையைப் பார்த்து முடிச்சுப் போட உட்கார்ந்தார். தாமோதரன் அக்கா பக்கம் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

குப்பையைக் குறைக்க ஆளுக்கொரு யோசனை சொல்லலாம். நானே நிறையச் சொன்னேன். ஆனால் ஆகிவந்த வழக்கத்தை எல்லோர் கண்ணெதிரே ஒருத்தி விட்டாளே, அதற்கு எந்த டிப்ளமாவும் போதாது. இந்தத் தெருவில் குடியிருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்றைய நிலவரம்: பாவு தறியேறிவிட்டது, சேலை பாதி நெய்தாகிவிட்டது. முதலாளி அடுத்த பாவுக்கும் பட்டு கொடுத்துவிட்டார். மிஞ்சும் கஞ்சி முனுசாமியின் வாளிக்குப் போகிறது. தொட்டி தெருமுனையிலேயேதான் இருக்கிறது. பாதிகூட நிரம்புவதில்லை.