மூன்று முனிரத்தினங்களும் நகரி வண்டியும்

கோதை பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டது கம்பெனி பஸ்ஸில்தான். நகரியிலிருந்து ஸ்ரீ சிட்டிக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையிலும் அதே ஒன்றரை. மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்க, இவள் செல்போனில் பாடம் பார்ப்பாள். விசைத்தறியின் தடதடப்பில் பத்தாம் வகுப்புக்குப் படித்தவளுக்கு பஸ் இரைச்சல் எம்மாத்திரம்? பேக்கிங்கில் நின்றுகொண்டிருந்தவள் இருபத்தேழு வயதில் போக்குவரத்துப் பிரிவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அந்தப் படிப்பால்தான்.

தைரியமும் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. பதினைந்து பேருக்குக் குறைந்த வண்டிகளை நிறுத்தப் போவதாகச் சொல்லி மேலாளர் தனசேகர் விவரம் கேட்டபோது, "பத்து நிமிஷம் சார், கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது" என்றாள். அவளிடம் இருந்தது பட்டியலுக்குள் பட்டியல். ஆளுக்கொரு சின்னப் பட்டியல். அதில் வண்டி, பெயர், அடையாள எண், ஷிப்ட். திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப் எழுதி ஒவ்வொன்றாக எடுத்து, வண்டிவாரியாக டிக்‌ஷனரியில் போட்டாள். வண்டிக்குள் பெயரைக் கொடுத்தால் ஷிப்ட் வரும். அவளுக்கே பெருமையாக இருந்தது, நகரி வண்டிக்குப் பதிமூன்று பேர் என்று வரும்வரை.

"திங்கட்கிழமையிலேர்ந்து நிறுத்திடலாம்" என்றார் தனசேகர்.

மாலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டு மஞ்சுவிடம் விஷயத்தைச் சொன்னாள். மஞ்சுவுக்கு அழுகையே வந்துவிட்டது. "வண்டி இல்லன்னா எங்க நைனா என்ன வேலைக்கு உட மாட்டாருக்கா. இப்பவே மாப்ள பாத்துக்கினு கீறாரு." கோதை தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று நொந்துபோனாள்.

மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் டிரைவர் சின்னப்பன் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "முனிரத்தினம் ஏறிட்டானா?"

"எந்த முனிரத்தினம்ணா?" என்று மூன்று குரல்கள் கேட்டன.

கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று முனிரத்தினம். இரண்டு மஞ்சு. ஏழுமலையான் பக்கத்து ஊரில் வேங்கடாசலத்துக்கா பஞ்சம்? அவர்கள் இரண்டு பேர். டிக்‌ஷனரியிலோ ஒரு பெயருக்கு ஒரே இடம். இரண்டாவது முனிரத்தினம் வந்ததும் முதலாமவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார், மூன்றாமவர் அவரையும் எழுப்பினார். லூப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் செய்யச் சொன்னதை அது செய்தது.

அலுவலகம் போனதும் பெயர் இருந்த இடத்தில் அடையாள எண்ணை வைத்தாள். ஒரே வரிதான் மாற்றம். நகரி வண்டி, பதினேழு. தனசேகர் மேசையில் வண்டியை நிறுத்தும் நோட்டீஸ் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"தப்பு என்னுது சார். ஒரே பேர்க்காரங்கள ஒரே ஆளா போட்டுட்டேன்."

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு நேத்து சொன்னியே?"

"அது பண்ல சார். நான்தான் பண்ணேன். எல்லா வண்டியும் திரும்பப் பாத்துட்டேன். மொத்தம் இருபத்து மூணு பேர் காணாம போயிருந்தாங்க."

அவர் அந்த நோட்டீஸை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இனிமே எந்தக் கணக்கா இருந்தாலும் மொத்தம் சரியான்னு பாத்துட்டு எடுத்துக்கினு வா" என்றார்.

மாலையில் மஞ்சு பயந்துகொண்டே கேட்டாள். "என்னாச்சுக்கா?"

"வண்டி நிக்காது. உன்ன இன்னொரு மஞ்சு துன்னுட்டா, அவ்ளோதான். இப்ப ரெண்டு பேரும் கீறீங்க."

மஞ்சுவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பின்சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு மஞ்சுவைத் திரும்பி நன்றாக முறைத்துவிட்டுத்தான் சிரித்தாள்.