ஸீனுக்கு ஆறு விரல்

வலது கையின் ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாக மடங்கி, இடது கைக் கட்டைவிரலும் மடங்கும்வரை 'ஸீன்' என்ற அரபு எழுத்து நீண்டு ஒலிக்க வேண்டும்; அதற்கு மேல் போனாலும் பிழைதான். மூன்றாவது விரலிலேயே கைப்பேசியில் குரல் அறுந்தது. ரூமானாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இழுங்க மாமி! மூச்ச யாருக்கு மிச்சம் புடிக்கிறீங்க?"

சிதம்பரம் லால்கான் தெருவில் உட்கார்ந்துகொண்டு, வெளியூர்ப் பெண்களுக்கு வீடியோவில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறவள் ரூமானா. கோபம் வந்தால் முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வாள். பாதி நாள் அது அங்கேதான் இருக்கும். பெரியவர், சின்னவர் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. பினாங்கில் இருக்கும் சபுரா மாமிக்கு அவளுடைய அம்மா வயது. இறந்துபோன கணவரின் ஆண்டு நாளன்று குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தைத் தன் வாயாலேயே ஓத வேண்டும் என்பது மாமியின் ஆசை. பாவம், 'யா ஸீன்' என்ற முதல் சொல்லையே தாண்ட முடியவில்லை. தினமும் "இன்னும் இழுங்க, இன்னும் இழுங்க" என்று இவள் போடும் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்களுக்கே அந்த 'ஸீன்' பாடமாகியிருக்கும்.

"என் நாக்குக்கு இது வராதும்மா. நான் விட்டுர்றேன்" என்று நேற்று மாமி அழுதேவிட்டார்.

மற்ற பெண்களின் குரலும் கடித்துக் குதறினாற்போல வரவே, ரூமானா இணையக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினாள். ஆடி அசைந்து வந்த கம்பெனி ஆள் இளவரசு, தன் கைப்பேசியை நீட்டினான்.

"ஸ்பீடு பாருங்கக்கா, ஜாஸ்தியாவே காட்டுது."

"ஒன் ஸ்பீட கொண்டுபோய் கொள்ளிடத்துல போடு! கொரலு ஏன் இப்படி வருது, அதச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "கொரலு மொத்தமா வராதுக்கா. பொடிப்பொடி பாக்கெட்டா வெட்டித்தான் வரும். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரே எடைவெளி இருக்கணும். ஒங்க வைஃபை மூணு செவுரு தாண்டி வருதுல்ல? ஒண்ணு தங்கிடும், அப்புறம் நாலு சேந்தாப்புல வந்து வுழும். அதச் சமாளிக்க போன்ல இருக்குற வீடியோ ஆப்பு கொரல சுருக்கிடும். ஒயரு இழுத்து வைஃபை பொட்டிய இந்த ரூமுலயே வெச்சுட்டா ஒழுங்கா வரும்."

ரூமானாவின் கை முக்காட்டுக்குப் போய் நின்றது.

"அப்போ மாமி முழுசா ஓதினதுதான் எனக்குப் பாதியா கேட்டுச்சா?"

"இருக்கும்க்கா."

"அடப்பாவி! கனெக்சன் குடுத்த அன்னிக்கே இத சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலியேக்கா."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கம்பெனி மேல், மினுக்கும் அந்தப் பெட்டி மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் காதின் மேல். ஒயர் போடாமல் அவனை வாசற்படி தாண்ட விடவில்லை. சமையற்கட்டு வழியாக ஒயரும் பெட்டியும் அறைக்கு வந்து சேர்ந்த கையோடு மாமியை அழைத்தாள்.

"இன்னிக்கு ஒரே ஒரு தடவ ஓதுங்க மாமி."

குரல் கண்ணாடி மாதிரி வந்தது. மாமி மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. ரூமானா விரல்களை மடக்கினாள். ஆறு மடங்கின. குரல் நிற்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது விரலும் மடங்கிய பிறகு, மூச்சு முட்டி, இருமலோடு நின்றது.

"நீங்க சொன்ன மாதிரியே இழுத்துட்டேன்ம்மா" என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்பவாச்சும் சரியா?"

ரூமானா மடங்கிய பத்து விரல்களையும் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.