பின்பலகைக்குள் போன தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஜெர்மனியில் கீல் நகருக்குப் பக்கத்தில் படகு திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். மன்னாரில் நான் தையல்காரன், முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவன். அகதியாக வந்த இடத்தில் கிடைத்த வேலை அது. கத்தரிக்கோல் பிடித்த கைக்குக் கண்ணாடியிழைத் துணி வெட்டுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஆனால் பாழாய்ப்போன துணி அது, பட்ட இடமெல்லாம் அரித்துக் கொல்லும்.

இலையுதிர் காலத்தில் பணக்காரரின் பாய்க்கப்பல்களும் விசைப்படகுகளும் எங்கள் கொட்டகைக்குள் வந்து சேரும். மரவள்ளம் உக்கி உளுத்துவிடும், கண்ணாடியிழையில் செய்த பைபர் போட்டுக்கு ஒன்றும் ஆகாது, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும் என்று ஊரில் பெருமையடிப்பார்கள். வெறும் புளுகு! இங்கே அந்தப் படகுகளின் அடியெல்லாம் அம்மை போட்டமாதிரிக் கொப்புளம். குத்தினால் வினாகிரி நாற்றத்தோடு தண்ணீர் வடியும். கடல் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து, இழைகளை ஒட்டிவைத்த பிசினைத் தின்றிருக்கும். மேற்பூச்சைச் சுரண்டி, மாதக்கணக்கில் காயவிட்டு, அதன் பிறகுதான் புதுப் பூச்சு.

அதைவிட மோசம் பின்பலகை, எஞ்சின் தொங்குகிற இடம். வெளியே கண்ணாடியிழை, உள்ளே ஒட்டுப்பலகை. ஆணித் துளையால் தண்ணீர் போய்விட்டால் வெளித்தோல் பளபளவென்று இருக்க, உள்ளே பலகை குழைந்த சோறாகிவிடும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்போம். நல்ல பலகை கணீரென்னும். உக்கினது பொத்தென்னும்.

ஒரு சனிக்கிழமை காலை மன்னாரில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து தங்கச்சி அழைத்தாள்.

"அண்ணை, இனி இஞ்ச இருக்க ஏலாது. பிள்ளையளையும் கொண்டு இந்தியாவுக்குப் போறம். இவற்ர போட்டிலதான்."

அவள் கணவர் மீனவர். பைபர் போட் ஒன்று வைத்திருந்தார். அது இப்போது எங்கே என்று கேட்டேன்.

"நேவி காணாமக் கண்டல் பத்தைக்குள்ள தாட்டு வச்சிருக்கிறார். மாரி முழுக்கத் தண்ணிக்குள்ளதான். ஊறி நல்லா இறுகியிருக்குமாம்."

கரையோரச் சதுப்புப் புதருக்குள் படகைத் தண்ணீரில் அமிழ்த்தி ஒளித்திருக்கிறார். மரவள்ளத்துக்கு அது சரி. மரம் ஊறினால் பொருத்துகள் இறுகும். பைபருக்கு அப்படி ஊறப்போடுவது நஞ்சு வைப்பதுதான். மச்சானிடம் கொடு என்றேன்.

"மச்சான், பின்பலகையை ஒருக்காத் தட்டிப் பாருங்கோ. பொத்தெண்டு கேட்டா ஏறாதேங்கோ. நடுக்கடலில எஞ்சின் பலகையைப் புடுங்கிக்கொண்டு போயிடும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "மச்சான், நீங்கள் காற்சட்டை தைச்ச ஆள். நான் கடலுக்கையே பிறந்தவன். எனக்கு நீங்களோ போட் பாக்கச் சொல்லித் தாறியள்?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "விசர்க்கதை கதையாதேங்கோ! அதில ஏறப்போறது என்ர தங்கச்சியும் ரெண்டு பிள்ளையளும்!" நான் கத்திய கத்தில் குசினிக்குள் இருந்த மனைவி ஓடிவந்தாள். "சரி, சரி, பாக்கிறன்" என்று அவர் முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை எங்கள் மைஸ்டரிடம், அதுதான் பட்டறைத் தலைமைக்காரரிடம், விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுசன். கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பலகையை முழுக்க வெட்டியெடுத்துப் புதிது வைக்க வேண்டும், அடியைக் குறைந்தது ஆறு மாதம் உலர்த்த வேண்டும் என்றார். பிறகு, பயணத்தை அதுவரைக்கும் தள்ளிப்போட முடியாதா என்று கேட்டார்.

நான் துணி வெட்டும் மேசைக்குத் திரும்பினேன். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். கொட்டகைக்குள் வெப்பக்காற்று உறுமிக்கொண்டிருந்தது. யாரோ ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போகிற படகு அந்தச் சூட்டில் சொகுசாகக் காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு மன்னாரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். யாரும் கேளாமலே கொட்டகையில் நின்ற படகுகளின் பின்பலகைகளை எல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தேன். கூட வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் இந்தியக் கரையில் மண்டபம் அகதி முகாமிலிருந்து தங்கச்சி அழைத்தாள். நாலு பேரும் சுகமாக வந்திறங்கிவிட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

"நீங்கள் சொன்னபடி இவர் தட்டிப் பாத்தவர் அண்ணை. பொத்துப் பொத்தெண்டுதான் கேட்டது. அதோட மனுசன் வாயே திறக்கேல்லை."

எனக்குப் பெருமை பொங்கியது. "அப்ப எதில வந்தனீங்கள்?"

"வேற பெரிய போட்டில. அதில ஒரு குடும்பம் இடம் பிடிச்சு வச்சிருந்தது. அவையள் கன பேர், எல்லாருக்கும் இடம் போதாமப் போச்சு. தங்கட இடத்தை எங்களுக்குத் தந்திட்டு எங்கட போட்டை எடுத்தவை."

"அவையளுக்குப் பின்பலகையைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

முகாமின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"தங்கச்சி, சொன்னனீங்களோ?"

"சொன்னா எடுத்திருப்பினமோ அண்ணை? என்ர பிள்ளையளைக் கொண்டுவந்து சேக்க வேணுமெல்லோ."

"அவையள் வந்திட்டினமோ?"

"இன்னும் இஞ்ச காணேல்லை." உடனே, "இந்தாங்கோ, மூத்தவள் உங்களோட கதைக்கோணுமாம்" என்று தொலைபேசியைக் கொடுத்துவிட்டாள்.

"மாமா, போட் ஆடின ஆட்டத்தில எல்லாரும் சத்தி எடுத்தவை. நான் மட்டும் எடுக்கேல்லை" என்றாள் மருமகள்.

கெட்டிக்காரி என்றேன்.