தேனிலவுக்குப் பதினொரு பேர்

ரிக்கெட்

தேனிலவுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று எந்தப் பயண முகவரும் வாடிக்கையாளரிடம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பிலோ அன்ரி தானாகவே சொன்னார்.

"பதினொரு பேர், பிள்ளை. மாப்பிள்ளை அங்கதான் நிக்கிறார். அவரோட பன்னிரண்டு."

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சேலைக் கடைக்கும், டெப்பனர் என்கிற ஒரு சில்லறைக் கடைக்கும் நடுவில் இருந்தது எங்கள் அலுவலகம். முதலாளி செல்வம் அண்ணை. ஊழியர் என்றால் ஸ்ரெல்லா ஆகிய நான் ஒருத்திதான். காகித ரிக்கெட் ஒழிந்து, கணினியில் அச்சடித்த தாளைக் கொடுக்கத் தொடங்கிய காலம். வருகிறவர்கள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உது செல்லுமே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழும்புவார்கள். ஃபேர் பார்ப்பது, கனெக்‌ஷன் போடுவது, சீட் பிடிப்பது எல்லாம் மூன்று மாதத்தில் படித்துவிடலாம். இந்தத் தொழிலில் உண்மையாகப் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எனக்குப் படிப்பித்தது பிலோ அன்ரி குடும்பம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

பிலோ அன்ரி அதே நகரின் லாசால் பகுதியில் இருப்பவர். ஒரே மகள் டிலானி ஒரு கார்டறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை ஜூட், மன்னார்ப் பெடியன். ஜப்பானில் பழைய கார் ஏற்றுமதி செய்யும் கம்பனியில் வேலை. கனடாவுக்கு விசிற் விசா கேட்டார், தர மறுத்துவிட்டார்கள். ஆகவே பெண் வீடு ஜப்பானுக்குப் போய் அங்கே தேவாலயத்தில் கல்யாணம் செய்வது, பிறகு மலைமேலே ஒரு பழைய வெந்நீரூற்று விடுதியில் பிள்ளைகளுக்கு இரண்டு இரவு, அதன்பின் டிலானி மொன்றியலுக்குத் திரும்பி வந்து ஸ்பொன்சர் ஃபைல் போடுவது என்று முடிவாயிற்று. ஃபைல் சரிவர எவ்வளவு காலமோ, அது கடவுளுக்கும் இமிகிரேசனுக்கும்தான் வெளிச்சம். ஆக, அந்த இரண்டு இரவுதான் அவர்களுடைய மணவாழ்க்கை. மிச்சமெல்லாம் ஃபோன் கார்ட்.

டிலானி ஒருநாள் வேலை முடிந்து தனியாக வந்தாள்.

"ஸ்ரெல்லா அக்கா, நான் அவரோட ஃபோனில மட்டும்தான் கதைச்சிருக்கிறன். அதுவும் அம்மா பக்கத்தில இருந்து என்ன சொல்லோணுமெண்டு சொல்லித்தர. அந்த ரெண்டு நாளாவது எங்களைத் தனிய விடச்சொல்லுங்கோ."

எனக்குப் பாவமாக இருந்தது. அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன். "அன்ரி, விடுதிக்கு அவை ரெண்டு பேரும் போனாக் காணும். நீங்கள் ஊர் சுத்திப் பாருங்கோவன்."

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? இவ்வளவு தூரம் போய், சுடுதண்ணி ஊத்துப் பாக்காமல் வாறதே? ஊரில கன்னியாச் சுடுதண்ணிக் கிணத்துக்குக் குடும்பமாத்தானே பஸ் பிடிச்சுப் போனனாங்கள்? வாளியால அள்ளி ஊத்திப்போட்டு, புட்டும் சாப்பிட்டு வந்தனாங்கள்."

அன்ரியின் தம்பி அருள் அண்ணை அதற்குமேல் ஒரு படி. தம்பிமார் இரண்டு பேரை ஸ்பொன்சர் செய்து எடுத்ததால், மாதா கோவில் ஹோலில் அவர்தான் குடிவரவு அமைச்சர். புதிதாக டிஜிற்றல் கமரா வேறு வாங்கியிருந்தார். ஃபில்ம் செலவு இல்லாத மனிதரை யாரால் நிறுத்த முடியும்?

"தங்கச்சி, இமிகிரேசன்காரன் படத்தைத்தான் பாப்பான். ரெண்டு பேர் மட்டும் நிண்டா ஸ்ரூடியோவில எடுத்த கள்ளப் படம் எண்டு சொல்லிப்போடுவான். ஒவ்வொரு படத்திலயும் குடும்பம் நிக்கோணும். அப்பத்தான் கலியாணம் உண்மையெண்டு நம்புவான்."

செல்வம் அண்ணைக்கு இதிலெல்லாம் கருத்து இல்லை. "பத்துப் பேர் சேந்த க்ரூப் எண்டா ஒரு சீட் ஃப்ரீ. நீயே கூட்டிக்கொண்டு போ, ஸ்ரெல்லா. உனக்கும் ஒரு எக்ஸ்பீரியன்ஸ்." சம்பளம் தராமல் வாங்கும் வேலைக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

பாய்

கல்யாணம் நல்லபடி நடந்தது. அடுத்த நாள் ரயில், அதற்குப் பிறகு மலைப்பாதையில் பஸ். இலைகள் சிவக்கும் காலம், விடுதியில் ஓர் அறைகூட மிச்சமில்லை. வாசலில் விடுதிக்கார அம்மா முழந்தாளில் இருந்து குனிந்து வரவேற்றார். பிலோ அன்ரி பதறிப்போய், "எழும்பச் சொல்லு பிள்ளை, பாவம், வயசு போனவ" என்று அவரைக் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார். அவர் மறுபடி குனிய, அன்ரி மறுபடி தூக்க, அருள் அண்ணை படம் எடுத்தார்.

ரூமிங் லிஸ்டில் நான் கவனமாக எழுதியிருந்தேன். மூன்று பெரிய அறை குடும்பத்துக்கு. கடைசியில் உள்ள சின்ன அறை தம்பதிக்கு. எனக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை. நான் யோசிக்காதது ஒன்றுதான். அது பழைய மரவிடுதி, அறைக்கும் அறைக்கும் நடுவே சுவர் இல்லை. காகிதம் ஒட்டிய தள்ளுகதவுதான். அறைக்குள் கட்டில் இல்லை, கதிரை இல்லை, நிலம் முழுக்கப் பாய்.

அன்ரி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினார். "உதென்ன பிள்ளை, பாய் மட்டும்தானே கிடக்கு? பாயில படுக்கிறதுக்கு என்னத்துக்கு நாலு அறை? கலியாண வீட்டில படுக்கிற மாதிரி எல்லாரும் ஒண்டாப் படுப்பம்."

சொல்லி முடிக்குமுன் அருள் அண்ணை தள்ளுகதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தார். கடைசிக் கதவும் திறந்தது. அதற்குப் பின்னால், தன் பெட்டியை அப்போதுதான் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள் டிலானி.

"இப்ப பார், என்ன காத்து!" என்றார் அருள் அண்ணை.

வேறு அறை கேட்டேன், இல்லை. அன்ரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "கதவைச் சாத்தினாலும் கடுதாசிதானே பிள்ளை, இருமினாலும் கேக்கும். பேந்தென்ன?" என்றார். அவர் கெட்ட மனுஷி இல்லை. மகளின் மணவாழ்க்கைக்கு இடைஞ்சல் என்று ஒன்று இருக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றிரவு பதின்மூன்றில் பன்னிரண்டு பேர் ஒரே மண்டபத்தில் படுத்தார்கள். மாப்பிள்ளை ஒரு தொங்கலில், மச்சான்மார் பக்கத்தில். டிலானி மறு தொங்கலில், அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில்.

இதற்குள் சாப்பாட்டுக் கூத்து ஒன்று நடந்து முடிந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டில் பத்துச் சின்னக் கிண்ணம், பச்சை மீன், சிறு நெருப்பின்மேல் ஒரு குட்டிச் சட்டி. "மீன் சமைக்க மறந்திட்டினம் போல" என்று சொன்ன அன்ரி, எல்லாருடைய பச்சை மீனையும் சேர்த்தெடுத்து, குட்டிச் சட்டிகளில் பிரித்துப் போட்டு, கைப்பையில் இருந்து மிளகாய்த்தூளை எடுத்தார். பதின்மூன்று அடுப்பில் மீன்குழம்பு கொதித்தது. பக்கத்து மண்டபத்தில் இருந்தவர்கள் தும்மத் தொடங்கினார்கள். ஜப்பான் மொழி தெரிந்தவர் ஜூட் ஒருவர்தான். ஆகவே புது மாப்பிள்ளை தன் தேனிலவின் முதல் மாலையை, சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்பதிலும், "தம்பி, தேத்தண்ணிக்குச் சீனி கேளும்", "தம்பி, தலாணி கல்லு மாதிரிக் கிடக்கு, வேற கேளும்" என்று அலைவதிலும் கழித்தார். டிலானி அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்ரியின் மிளகாய்த்தூள் பையைப் பறித்து எறிய வேண்டும் போல் இருந்தது.

குளிப்பு

அடுத்த நாள் காலையில் அன்ரி தலைமையில் பெண்கள் குளிக்கப் புறப்பட்டார்கள். எல்லாரும் குறுக்குக்கட்டு, மேலே துவாய். அன்ரியின் கையில் லாசாலில் இருந்தே கொண்டுவந்த பிளாஸ்டிக் வாளி. வாசலில் விடுதிக்கார அம்மா குனிந்து, சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

"என்னவாம்?" என்றார் அன்ரி.

"உடுப்பு முழுக்கக் கழட்டிப்போட்டு, அங்கால இருந்து சோப் போட்டு வடிவாக் குளிச்சுப்போட்டு, பேந்துதான் தொட்டிக்குள்ள இறங்கோணுமாம்."

"குளிச்சுப்போட்டுப் பேந்தென்னத்துக்குக் குளிக்கிறது?"

"அது இவையின்ர முறை, அன்ரி."

"முழுக்க எண்டா... முழுக்கவோ?"

"ஓம்."

"எல்லாரும் ஒண்டாவோ?"

"ஓம்."

"சேசுவே!" என்று அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வாளியோடு படை திரும்பியது. ஆண்கள் பக்கம் போன அருள் அண்ணை எங்களுக்கு முதலே அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். கமராவையும் சாரத்தையும் வெளியே வைக்கச் சொன்னார்களாம். "எனக்குத் தடிமன் காய்ச்சல் வாற மாதிரிக் கிடக்கு" என்றார். அதன்பிறகு எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. குளியல் கட்டடத்துக்குப் போகும் நடைபாதையைக்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த விடுதியில் எங்கள் சனம் கால் வைக்காத இடம் ஒன்று இருக்கிறது! ஓடிப்போய் ஜூட்டைப் பிடித்து விசாரிக்கச் சொன்னேன். மரங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் அளவில் ஒரு சின்னக் குளியலறை இருந்தது. முன்கூட்டிச் சொன்னால் ஒரு தவணைக்கு ஒரு மணி நேரம் தருவார்கள். கதவை உள்ளால் பூட்டலாம். அன்று காலியாக இருந்த தவணைகள் எல்லாவற்றையும் எடுத்தேன்.

டிலானி முதலில் தயங்கினாள். "அக்கா, எனக்கும் வெக்கமாக் கிடக்கு."

"உன்னைக் குளிக்கச்சொல்லி ஆர் சொன்னது? பூட்டு இருக்கு. போ."

கொஞ்ச நேரத்தில் அருள் அண்ணை கமராவோடு வந்தார். "எங்க பிள்ளையள்? இலையளோட ஒரு படம் எடுக்கோணும். அக்காவையும் நடுவில விட்டு."

"குளிக்கினம், அண்ணை."

"ரெண்டு பேருமோ?"

"ரெண்டு பேரும்."

ஒரு சின்னம்மா செபமாலையை எடுத்தார். அன்ரி முகட்டைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "கலியாணம் முடிஞ்ச பிள்ளையள்தானே" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அருள் அண்ணை மட்டும் விடவில்லை. "வாசல்ல நிண்டு ஒண்டு எடுத்தா என்ன?"

"நீங்கள் போறதெண்டாப் போங்கோ அண்ணை. அங்க உடுப்போட நிக்க விடமாட்டினம்" என்று ஒரே பொய்யாகச் சொன்னேன். அவர் கமராவை உறைக்குள் போட்டார்.

டிலானி திரும்பி வந்தபோது பாவாடையின் கரை மட்டும் நனைந்திருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, அவருக்கு மீன் வாசமே பிடிக்காதாம். மன்னாரில பிறந்துபோட்டு! ஆருக்கும் சொல்லவேண்டாமாம்." அன்று மூன்று தவணை போனார்கள். இத்தனை வருட வேலையில் எத்தனையோ சீட் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இதைப்போல ஒரு புக்கிங் செய்து நான் சந்தோஷப்பட்டதில்லை.

இறங்கும் நேரம்

அருள் அண்ணை தடித்த ஆல்பம் ஒன்று தயாரித்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் உறவுமுறை எழுதி ஸ்பொன்சர் ஃபைலோடு அனுப்பினார். அடுத்த வருடம் ஜூட்டை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததை டிலானி என் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னாள்.

"ஒரு பொம்பிளை ஒஃபிஸர் அக்கா. ஆல்பத்தை முதலில இருந்து கடைசி மட்டும் பாத்திட்டு, 'இதில உம்மட மனிசி ஆர்?' எண்டு கேட்டவவாம்."

அதில் என்ன பிழை? எல்லாப் படத்திலும் நடுவில் நிற்பது பிலோ அன்ரி.

"'ரெண்டு பேர் மட்டும் நிக்கிற ஒரு படமும் இல்லையே?' எண்டு கேட்டாவாம். அதுக்கு இவர், 'நாங்கள் தனிய இருந்த இடத்துக்குக் கமரா கொண்டுபோகேலாது, அது குளிக்கிற இடம்' எண்டிருக்கிறார். 'அங்க என்ன செய்தனீங்கள்?' எண்டு கேட்டாவாம்."

"அதுக்கு?"

"'கால் நனைச்சுக்கொண்டு கதைச்சனாங்கள்' எண்டு சொன்னாராம். 'என்ன கதைச்சனீங்கள்?' எண்டாவாம். கார்டறியில என்னைக் கடிச்ச பெடியன்ர கதை, நான் ஸ்னோவில கார் ஓடப் பயப்பிடுறது, நான் சொக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிறது, எல்லாம் ஒண்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவ ஆல்பத்தை மூடித் திருப்பிக் குடுத்திட்டாவாம்."

விசா வந்தது. "பாத்தியளே, என்ர படத்தாலதான் கிடைச்சது" என்று அருள் அண்ணை கோவில் ஹோல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த மாதமே இன்னொரு தேனிலவுக்கு ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செல்வம் அண்ணை, "பத்தாக்கினா ஒரு சீட் ஃப்ரீ" என்றார்.

ஜூட்டின் ரிக்கெட்டை நான்தான் போட்டேன். வான்கூவரில் குடிவரவு முடித்து, பின்னேரம் நாலரைக்கு மொன்றியலில் இறங்கும். டிலானி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா ரெண்டு வான் பிடிச்சிருக்கிறா அக்கா. மாமா வீடியோவும் எடுக்கப்போறாராம்" என்றாள். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். போய்விட்டாள்.

அவள் போன கையோடு அன்ரியின் ஃபோன்.

"பிள்ளை, ஜூட் தம்பியின்ர ஃப்ளைட் எத்தனை மணிக்கு இறங்குது?"

எங்கள் தொழிலில் விலை பிழைக்கலாம், சீட் பிழைக்கலாம், மரக்கறிச் சாப்பாடு பிழைக்கலாம். இறங்கும் நேரம் மட்டும் பிழைக்கக்கூடாது. அதைத்தான் முதல் நாளில் சொல்லித்தருவார்கள், அது சரியும்தான். ஆனால் காசு கட்டுகிறவர் வேறு, பயணி வேறு. எதிரில் கதைக்கிறவர்களில் பயணி யார் என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். நான் திரையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"ஏழரைக்கு, அன்ரி. பெட்டி வரச் சுணங்கும். எட்டு மணிக்கு வந்தாலே காணும்."

ஃபோனை வைத்துவிட்டு, டிலானியின் நம்பரை அடித்தேன்.

"நாலரைக்கு இறங்குது. அம்மாவுக்கு ஏழரை எண்டு சொல்லியிருக்கிறன். அம்மாவின்ர வானைப் பாத்துக்கொண்டு நிக்காதை, பஸ் எடுத்துக்கொண்டு போ."