வெறுங்கால் நேர்த்தி

நேர்த்தி வைக்கிறவன் முதலில் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் புத்தி அன்று எனக்கு இருக்கவில்லை. மெல்பேர்னில் அது ஜூன் மாதம், குளிர்காலம். மனைவிக்கு இருதயத்தில் ஒப்பரேஷன் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஹீற்றரின் சூட்டில் ஜாக்கெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, செபமாலையை உருட்டியபடி இருந்தேன்.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் நாங்கள். பெரிய ஆபத்து வந்தால் மடு மாதா கோவிலுக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொள்வோம். சிலர் செருப்பும் போடாமல் நடப்பார்கள். அங்கே சுடுமணல்தான் கஷ்டம். அந்த நினைப்பிலேயே நானும் வாயை விட்டேன். "மாதாவே, இவள் எழும்பித் தன் காலால் எங்கள் வீதியில் நடக்கும் நாள் வரைக்கும், தினமும் விடிய நான் வெறுங்காலோடு நடக்கிறேன்." கண்ணில் நீர் முட்டியது. எவ்வளவு உருக்கமான மனிதன் நான் என்று எனக்கே என்னைப் பிடித்துப்போனது. ஓரிரு கிழமையில் அவள் நடந்துவிடுவாள் என்ற கணக்கும் உள்ளே இருந்தது.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அவளை நோபல் பார்க்கிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் காலை, அவளுக்குத் தெரியாதபடி சப்பாத்தைக் கராஜில் ஒளித்து வைத்துவிட்டு வாசலில் இறங்கினேன். புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. முதல் அடி வைத்ததும் என் வாயிலிருந்து வந்தது செபம் அல்ல.

இரண்டாம் நாளே மாதாவிடம் பேரம் பேசத் தொடங்கினேன். சொக்ஸ் என்பது சப்பாத்து ஆகாதுதானே, அதைப் போட்டால் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்று போட்டுக்கொண்டு போனேன். நனைந்த சொக்ஸ் வெறுங்காலை விட மோசம் என்பது தெருமுனைக்குப் போகுமுன்பே விளங்கிவிட்டது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

உள்ளே, மனைவி ஜன்னலோரக் கதிரையை விட்டு எழும்பவில்லை. குசினிக்குப் போவாள், குளியலறைக்குப் போவாள். வாசற்படி தாண்ட மாட்டாள். நடந்தால்தான் இருதயம் பலப்படும் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த தாதியும் சொன்னார். "நாளைக்குப் பாப்பம்" என்பாள். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். ஒருநாள் அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "றோட்டில விழுந்து செத்துப் போனால்? எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

எனக்கும் பயம்தான். அவள் அந்தக் கதிரையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போய்விடுவாளோ என்ற பயம். அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், விடிந்ததும், அவள் நித்திரையால் எழும்ப முன் வெளியே போய்க் காலைக் குளிருக்குக் கொடுத்தேன்.

ஜூலையும் போனது. இத்தனை வருடம் அந்த வீதியில் காரில் போய் வந்தவன், அப்போதுதான் அதை உள்ளங்காலால் படித்தேன். எந்த வீட்டு முன்வழியில் வெயில் முதலில் விழும் என்று தெரிந்துகொண்டேன். அந்தச் சிமெந்தில் ஏறி, திருடனைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தபடி நிற்பேன். கொஞ்சம் சூடு ஏறும். "தோத்திரம் சுவாமி" என்று தானாக வாயில் வரும். ஞாயிறு பூசையில் வானத்துச் சம்மனசுகளோடு சேர்ந்து பாடும்போதுகூட அவ்வளவு உண்மையாக நான் அதைச் சொன்னதில்லை. பெரிய வரங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன நான், ஒரு அந்நியன் வீட்டுச் சிமெந்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவைகள் வேலியிலிருந்து தொண்டையைத் திறந்து பாடும். என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன என்றே நினைத்தேன். வளைவில் நின்ற, 'வற்றில்' என்று இங்கே சொல்லும் அவுஸ்திரேலிய மரம் மட்டும், அந்தக் குளிரிலும் பிடிவாதமாக மொட்டு வைத்துக்கொண்டிருந்தது. தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அதற்கு இருந்த நம்பிக்கையில் பாதிகூட எனக்கு இருக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு காலை. நடந்துவிட்டு வருகிறேன், எங்கள் வாசலில் முனை வீட்டுக் கிரேக்கக் கிழவி நிற்கிறார். தினமும் நாய்க்குட்டியோடு நின்று என் காலையே பார்ப்பவர். கதவைத் திறந்தபடி மனைவி. கிழவி அவளிடம் ஒரு பையைக் கொடுத்து, தன் உடைந்த ஆங்கிலத்தில், வெட்கப்பட வேண்டாம், இறந்துபோன தன் கணவரின் சப்பாத்து, நல்ல தோல், உன் கணவர் போடட்டும் என்று சொன்னார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மனைவி பையைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"இதென்ன கோலம்?"

"நேர்த்தி" என்றேன்.

"சீனி வருத்தக்காரனுக்கு வெறுங்கால் நேர்த்தியோ? கால் வெடிச்சால் புண் ஆறுமோ? உங்களுக்கென்ன விசரே? கராஜ் நிறையச் சப்பாத்துக் கிடக்கு, அந்த மனுசி எங்களைப் பஞ்சப்பட்டதுகள் எண்டெல்லோ நினைச்சிட்டா! மானம் போச்சு. இப்பவே கொண்டுபோய்க் குடுக்க வேணும்."

"நான் குடுத்திட்டு வாறன்."

"ஓம், இந்தக் காலோட போய் நில்லுங்கோ! நான்தான் போய்ச் சொல்ல வேணும்."

கோட்டை மாட்டினாள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று பின்வளவு எலுமிச்சை மரத்திலிருந்து தேசிக்காய்கள் பறித்துவரச் சொல்லி, அதை ஒரு பையில் போட்டாள். சப்பாத்துப் பையை என்னிடம் திணித்தாள். பிறகு, வாசற்படியைத் தாண்டினாள். டொக்டரால் முடியவில்லை, தாதியால் முடியவில்லை, என் கெஞ்சலாலும் முடியவில்லை. ரோசம் அவளை இறக்கியது. நான் மூச்சுக்கூட விடாமல் பின்னால் நடந்தேன். வாய் திறந்தால் திரும்பிவிடுவாளோ என்று பயம்.

வற்றில் மரம் வந்ததும் நின்றாள். மூச்சு வாங்கியது. மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா என்ற திகைப்பு முகத்தில். பிறகு என் கால் பக்கம் கண் போனது. விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன.

"உந்த நேர்த்தி எப்ப முடியுது?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"இப்பதான் முடிஞ்சுது."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பையை மட்டும் காட்டினாள்.

"அதைப் போடுங்கோ."

"திருப்பிக் குடுக்கப் போற சப்பாத்தை எப்பிடி?"

"தேசிக்காயைக் குடுப்பம். போடுங்கோ."

நடைபாதையிலேயே குந்தி, செத்த மனிதரின் சப்பாத்துக்குள் காலை விட்டேன். கொஞ்சம் பெரிது. உள்ளே கம்பளி. அவள் விழாமல் நிற்க என் தலையில் கையை ஊன்றிக்கொண்டாள். குனிந்திருந்ததால் நான் அழுததை அவள் காணவில்லை.

"லேஸ் கட்ட இவ்வளவு நேரமோ?" என்றாள்.