செஞ்சியில் ஓடிய ஜப்பான்காரன்

வடகிழக்கு மாநிலம் ஒன்றில் ஒரு சின்னக் கால்பந்து கிளப்பில் அப்போது நான் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். அங்கேதான் அந்த ஜப்பான்காரன் என் அறைக்கு வந்து சேர்ந்தான். இடதுகாலால் பந்தை நூல் பிடித்த மாதிரி அனுப்புவான். அவன் வந்திறங்கிய அன்று ரசிகர்கள் மாலை போட்டார்கள். ஜப்பானிலிருந்து வந்தவன் ஏதோ மாயம் செய்யப்போகிறான் என்று நம்பிவிட்டார்கள்.

அவன் நாட்டில் அவனை யாருக்கும் தெரியாது. பள்ளி முடித்ததும் மூன்றாம் நிலை கிளப் ஒன்று எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரனாகவே வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டது. பிறகு தாய்லாந்து, கம்போடியா, கடைசியில் இங்கே.

"ஒவ்வொரு நாட்டிலும், இங்கே நன்றாக ஆடினால் எங்கள் நாட்டுக் கிளப்பிலிருந்து கூப்பிடுவார்கள் என்று நினைப்பேன்" என்று எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். யாரும் கூப்பிடவில்லை.

ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரன் சறுக்கி வந்து அவன் வலது முழங்காலில் மோதினான். சீசன் முடிந்ததும் கிளப் அவனைக் கழற்றிவிட்டது. என்னையும் கழற்றிவிட்டது. உன் ஊருக்குப் போகலாமே என்றேன். "அப்பா இப்போதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை" என்றான். அதனால் என் ஊரான செஞ்சிக்கு அழைத்து வந்தேன்.

வல்லம் பக்கத்து நிலத்தில் மணிலாக் கடலை பிடுங்கிவிட்டு வந்த நைனா, என் அப்பா, அவனைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னாப்பா, அவங்க ஊர்லயே ஆட வேண்டியதுதானே? இம்மாந்தூரம் வந்து காலை ஒடச்சிக்கினு நிக்கிறானே!"

"என்ன கேட்கிறார்?" என்றான் அவன்.

"சாப்டியான்னு கேட்கிறார்" என்றேன்.

நைனாவைப் பார்த்து ஆமென்று தலையாட்டினான். நைனா என்னை முறைத்துவிட்டு உள்ளே போனார்.

சில நாட்களில் அவனுடைய ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. மங்கோலியாவில் ஒரு கிளப்புக்கு ஆள் தேவை, ஓடுகிற வீடியோ உடனே வேண்டும் என்றான். மறுநாள் காலையில் ராஜகிரிக் கோட்டைமலைக்குக் கீழே ஒரு வெட்டவெளிக்குப் போனோம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கொஞ்சம் ஓரமாக ஓட்டச் சொன்னேன். நான் செல்போனைப் பிடித்தேன். முதல் ஓட்டம் நன்றாக வந்தது. அடுத்ததில் வேகம் கூடியது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. திரும்புகிற இடத்தில் முழங்கால் உள்ளே மடங்கி விழுந்தான். புல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

"அய்யய்யோ, இன்னா ஆச்சு அந்தப் புள்ளைக்கு?" என்று அந்தப் பெண் ஓடிவந்தாள்.

முதல் ஓட்டத்தை மட்டும் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். மாலையில் ஏஜென்ட் முழங்காலின் ஸ்கேனைக் கேட்டான். அதன் பிறகு ஏஜென்டுக்கு இவன் பதில் போடவில்லை.

அவன் ஜப்பானுக்குக் கிளம்பிய நாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றது. நொண்டியபடி வந்தவனைப் பார்த்து ஒரு பெரியவர், "ஆத்தாவுக்கு வேண்டிக்கினு வந்தியா?" என்று தமிழிலேயே கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் பையைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

போன மாதம் வீடியோவில் அழைத்தான். வெள்ளைத் தொப்பி, தாடைக்குக் கீழே இறக்கிய வெள்ளை முகமூடி. மதியச் சாப்பாட்டை டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. ஆபரேஷன் முடிந்துவிட்டது, மாடி ஏறலாம், ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நீ ஆடுகிறாயா?" என்றான்.

"இல்லை. கடைத்தெருவில் செல்போன் கடையில் இருக்கிறேன்."

அவன் முகமூடியை ஏற்றிக்கொண்டான். என் எதிரே ஒரு அம்மா உடைந்த செல்போனை நீட்டி, "இது தேறுமா பாருப்பா" என்று நின்றுகொண்டிருந்தாள். அழைப்பை நான்தான் துண்டித்தேன்.